கூன்வண்டும் வெண்பூஞ்சையும்

ஓரடி நீளத்துக்கு நறுக்கிய வாழைத்தண்டு. அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பிளந்த முகத்தில் பத்திலிருந்து இருபது கிராம் வரை வெள்ளைத் தூளைத் தடவி, அந்த முகம் மண்ணைப் பார்க்கும்படி மரத்தடியில் கவிழ்த்து வைக்கிறார்கள். ஹெக்டேருக்கு 65, அதாவது ஏக்கருக்கு 26 துண்டுகள். மாதத்துக்கு ஒருமுறை பழையதை அப்புறப்படுத்திப் புதிதாக வைக்க வேண்டும். வாழைத் தண்டுக் கூன்வண்டைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பரிந்துரைகளில் ஒன்று இது. தூளில் இருப்பவை பிவேரியா பேசியானா என்ற பூஞ்சையின் வித்துகள். தரமான தூளில் கிராமுக்குப் பத்துக் கோடி வித்துகளாவது உயிரோடு இருக்க வேண்டும் என்பது பதிவு விதி.

தெளிப்பானோ விசைப்பம்போ தேவைப்படாத இந்த எளிய பொறிக்குள், பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்துவரும் ஓர் உறவு அடங்கியிருக்கிறது. அந்த உறவின் நெளிவு சுளிவு தெரிந்து செய்கிற விவசாயிக்குப் பொறி பலிக்கிறது. கடையில் வாங்கும் இன்னொரு மருந்துப் பொட்டலமாக அதை நினைப்பவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

காவிரிக் கரையின் வண்டு

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் நடுவில் விட்டுவைத்த நிலம் ஸ்ரீரங்கம். இந்தத் தீவையும் அதற்கு மேற்கே ஜீயபுரம், அந்தநல்லூர், திருப்பராய்த்துறை, பெட்டவாய்த்தலை என நீளும் ஆற்றங்கரையையும், வடகரையில் லால்குடி, முசிறி, தொட்டியம் வரையுள்ள ஊர்களையும் வாழை நிறைத்திருக்கிறது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலரிசி, நேந்திரன் என ரகத்துக்கு ஒரு சந்தை. பழத்துக்கு மட்டுமின்றி இலைக்காகவே வளர்க்கப்படும் தோட்டங்களும் உண்டு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைத் திருச்சியில் தொடங்கியது பொருத்தமான முடிவு. நகருக்குத் தென்மேற்கே, தாயனூரை அடுத்த போதாவூரில் அது இயங்கிவருகிறது. கூன்வண்டுகள் அங்கே தொடர்ந்து ஆராயப்படும் பூச்சிகள்.

வாழையைத் தாக்கும் கூன்வண்டுகள் இரண்டு. ஒன்று தண்டுக் கூன்வண்டு, ஓடோய்போரஸ் லாங்கிகாலிஸ். மற்றொன்று கிழங்குக் கூன்வண்டு, காஸ்மோபாலிட்டஸ் சார்டிடஸ். கிழங்கு வண்டு உலகின் வாழை நாடுகள் பலவற்றிலும் பரவிவிட்டது. தண்டு வண்டு தெற்காசியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் உரியது. காவிரிக் கரையில் விவசாயி அதிகம் அஞ்சுவது தண்டு வண்டுக்குத்தான், அதிலும் நேந்திரன் போட்டவர்.

நட்டு ஐந்து மாதம் ஆன மரத்தில் அதன் வேலை தொடங்குகிறது. பெண் வண்டு வளைந்த மூக்கால் வாழைப்பட்டையில் சிறு கீறலிட்டு, பட்டைக்குள் இருக்கும் காற்றறைகளில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கிறது. சில நாட்களில் வெளிவரும் புழுவுக்குக் கால்கள் கிடையாது. தடித்த வெண்ணிற உடம்பை நெளித்து நெளித்துத் தண்டைக் குடைந்தபடி உள்ளே போகிறது. வெளியே தெரியும் முதல் அடையாளம், தண்டின்மேல் வடியும் பிசின் போன்ற கசிவு. அதைக் கண்டு தண்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே சுரங்கங்கள் ஓடியிருக்கும், அழுகலும் தொடங்கியிருக்கும். பூத்தொடுக்கக் கிழிக்கிற அதே வாழைநாரைச் சுற்றிக் கூடு கட்டி, அதற்குள் புழு கூட்டுப்புழுவாகிறது. தார் தள்ளிய மரம் தன் பாரத்தையே தாங்க முடியாமல், சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தாலும், ஒரு காற்றுக்கு இடையில் முறிந்து விழுகிறது. ஓராண்டு உழைப்பு அந்த முறிவோடு போய்விடும்.

இந்த வண்டை மருந்தால் எட்டுவது கடினம். முட்டை பட்டைக்குள்ளே, புழு தண்டுக்குள்ளே, கூடு நாருக்குள்ளே. வளர்ந்த வண்டும் பகலில் பட்டை இடுக்கிலோ வெட்டிப் போட்ட தண்டின் அடியிலோ பதுங்கிக் கிடந்து இரவில்தான் நடமாடும். தெளிப்பு மருந்து படுகிற வெளிப்புறத்தில் அதற்கு வேலையே இல்லை. அதனால்தான் மரத்துக்கே ஊசி போட்டு வீரியமான பூச்சிக்கொல்லியைச் செலுத்தும் வழக்கம் வந்தது. உண்ணும் பழத்தைத் தருகிற தண்டுக்குள் நஞ்சைச் செலுத்துவது, வேறு வழி தெரியாத காலத்தின் கையறு நிலை.

வண்டை அகப்படாமல் காக்கும் அதே குணங்கள் பூஞ்சைக்கு வாய்ப்பாகின்றன. கூன்வண்டு ஈரத்தை விரும்பும், இருட்டை விரும்பும், புளித்துவரும் வாழைத்தண்டின் வாசனைக்கு வந்து சேரும். கூட்டமாக ஒடுங்கவும் செய்யும். ஆண் வண்டு வெளியிடும் ஈர்ப்பு மணம் ஆணையும் பெண்ணையும் ஒருசேர அழைக்கிறது. பிவேரியா வித்து முளைக்கத் தேவையானவையும் இவைதான்: ஈரம், நிழல், ஒட்டிக்கொள்ள ஓர் உடம்பு. பிளந்து கவிழ்த்த தண்டு இரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருகிறது.

தோல்வழி நுழையும் நோய்

பூச்சிகளுக்கு நோய் தரும் பாக்டீரியாவும் வைரஸும் பெரும்பாலும் வாய்வழியே, உணவோடு போக வேண்டும். பூஞ்சைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேலே பட்டாலே போதும்.

வித்தின் மேற்பரப்பு நீரில் ஒட்டாத ஒருவகைப் புரதத்தால் ஆனது. பூச்சியின் மேல்தோலிலும் மெழுகுப் படலம் உண்டு. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஈரப்பதம் கிடைத்ததும் வித்து முளைவிட்டு, நுனியில் ஒரு தட்டையான பிடிப்பானை அமைத்துக்கொள்கிறது. அதிலிருந்து கொழுப்பை, புரதத்தை, கைட்டினைக் கரைக்கும் நொதிகள் வரிசையாகச் சுரக்கின்றன. அந்தக் கரைசலோடு அழுத்தமும் சேர, மெல்லிய இழை தோலைத் துளைத்துப் பூச்சியின் குருதிக்குள் இறங்குகிறது. இறங்கியபின் அது உருமாறும். இழையாக நீளாமல், ஈஸ்ட் போன்ற தனித்தனிச் செல்களாகப் பிரிந்து குருதியோட்டத்தில் மிதந்து பெருகும்.

பூச்சி சும்மா இருப்பதில்லை. அதன் குருதிச் செல்கள் அயல் செல்லைச் சூழ்ந்து, கருநிற மெலனின் உறையிட்டு முடக்கப் பார்க்கின்றன. பூஞ்சைக்கும் மறுவழி உண்டு. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை குருதிக்குள் போனதும் கொல்லாஜனைப் போன்ற ஒரு புரதத்தைப் போர்த்திக்கொண்டு, காவல் செல்களின் கண்ணில் படாமல் தப்புகிறது என்பதை 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெட்டுக்கிளிகள் நோயுற்றால் வெயிலில் நின்று உடம்பைச் சூடேற்றிக்கொள்கின்றன. அந்தச் சூட்டில் பூஞ்சையின் வளர்ச்சி மட்டுப்படும். கரையான்கள் ஒன்றின்மேல் மற்றொன்று ஒட்டிய வித்துகளை நக்கித் துடைத்துவிடும்.

நம் வீட்டு அரிசி, மாவுப் பாத்திரங்களில் தென்படும் சிவப்பு மாவு வண்டு இன்னும் ஒருபடி மேல். அது தன் உடம்பிலிருந்து குயினோன் வகை வேதிப்பொருள்களைச் சுரந்து வித்துகளை முளைக்கவிடாமல் செய்கிறது. அந்த வேதிப்பொருளைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதி பிவேரியாவிடம் இருப்பதை 2015இல் கண்டறிந்தார்கள். ஆனாலும் இந்த வண்டிடம் பிவேரியா அதிகம் வெல்வதில்லை. எழுநூறுக்கும் மேற்பட்ட பூச்சி இனங்களைத் தாக்கும் பூஞ்சைக்கும் ஒவ்வொரு வாசலும் ஒரே அளவில் திறப்பதில்லை.

கூன்வண்டின் ஓடு தடித்தது. ஆனால் கால் இணைப்புகளிலும் உடற்கண்டங்களின் நடுவிலும் மெல்லிய சவ்வு இருக்கிறது. அங்கே தொற்றிய வண்டு உடனே சாவதில்லை. ஒரு வாரமோ அதற்கு மேலுமோ நடமாடும், பிற வண்டுகளோடு உரசும், இணைசேரும். உகாண்டாவில் கிழங்குக் கூன்வண்டில் நடந்த ஆய்வுகள், நோயுற்ற வண்டு நலமான வண்டுக்கு வித்தை ஒட்டவைத்துப் பரப்புவதை உறுதிசெய்தன. ஈர்ப்பு மணப் பொறியோடு பூஞ்சையைச் சேர்த்தால், பொறிக்கு வந்துபோகும் வண்டே நோயை எடுத்துச் செல்லும். நஞ்சு உடனே கொல்வது அதன் சிறப்பு. பூஞ்சைக்கோ மெதுவாகக் கொல்வதுதான் பலம்.

வண்டு இறந்தபின் நடப்பதும் கவனிக்கத்தக்கது. சடலத்தில் பாக்டீரியா புகுந்தால் அழுகிவிடும், பூஞ்சைக்கு உணவு போய்விடும். இதைத் தடுக்க பிவேரியா ஊஸ்போரீன் என்ற சிவப்பு நிறமியைச் சுரந்து பாக்டீரியாவைத் தள்ளிவைக்கிறது என 2017இல் வெளியான ஆய்வு விளக்கியது. அதனால் உடம்பு அழுகாமல் விறைத்து இறுகுகிறது. பிறகு, ஈரம் இருந்தால் மட்டும், முதலில் மூட்டுகளிலும் கண்ட இடுக்குகளிலும் வெண்பஞ்சு எட்டிப்பார்த்து, இரண்டொரு நாளில் கருத்த வண்டை மாவில் புரட்டி எடுத்ததுபோல் மூடிவிடுகிறது. அந்த மாவு முழுவதும் புதிய வித்துகள். காற்று வறண்டிருந்தால் வண்டு சாகும், வெண்பஞ்சு வெளியே வராது, அடுத்த தலைமுறையும் கிளம்பாது.

எல்லாருக்கும் பொதுவானவை, ஒருவருக்கே உரியவை

பிவேரியாவையும் மெட்டாரைசியத்தையும் போலப் பல இனங்களில் வாழும் பூஞ்சைகள் ஒருபுறம் இருக்க, ஒரே இனத்தையோ நெருங்கிய சில இனங்களையோ மட்டும் நம்பி வாழ்பவை மறுபுறம் உள்ளன. அவற்றின் உறவு இன்னும் நெருக்கமானது, பூச்சியின் நடத்தையையே திருப்பிவிடுமளவுக்கு.

வீட்டு ஈயைத் தாக்கும் என்டமாப்தோரா மஸ்கே அதற்குச் சான்று. நோய் முற்றிய ஈ அந்திப் பொழுதில் உயரமான இடத்தைத் தேடி ஏறும். தன் வாயுறிஞ்சியை நீட்டி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சிறகுகள் மேலே தூக்கி விரியும், வயிறு திறந்து கிடக்கும். இரவில் அந்த வயிற்றிலிருந்து வித்துகள் விசையோடு பாய்ந்து சுற்றிலும் விழும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி இறந்த ஈயைச் சுற்றி வெண்ணிற வளையம் தெரிந்தால் அது இந்தப் பூஞ்சையின் வேலையாக இருக்கக்கூடும்.

மழைக்காடுகளின் எறும்புகளைப் பிடிக்கும் ஒஃபியோகார்டிசெப்ஸ், எறும்பை இலை நரம்பைக் கடித்துத் தொங்கவைத்துக் கொல்கிறது. மூளையைப் பிடித்து ஆட்டுகிறது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் எறும்பின் உடலை மெல்லிய அடுக்குகளாகப் படமெடுத்துப் பார்த்தபோது, பூஞ்சைச் செல்கள் தசைகளைச் சூழ்ந்து வலைபோலப் பின்னியிருந்தன. மூளைக்குள் செல்கள் இல்லை. இமயமலையில் கிலோ லட்சக்கணக்கில் விலைபோகும் 'கீடா ஜடி'யும் இதே பேரினத்தைச் சேர்ந்த பூஞ்சை, மண்ணுக்கடியில் வாழும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவில் வளர்வது.

இத்தகைய நெருக்கம் பயிர்ப் பாதுகாப்புக்கு உதவாது. ஆய்வகத் தட்டில் வளர்வது கடினம், ஒரு பூச்சிக்கு மேல் பயன்படாது. நொய்யரிசியிலும் சோளத்திலும் வளரக்கூடிய பிவேரியாவும் மெட்டாரைசியமும் விவசாயியின் கைக்கு வந்ததற்கு அவற்றின் தாராள குணமே காரணம்.

பட்டுப்புழுவில் தொடங்கிய கதை

பிவேரியாவை உலகம் அறிந்தது நண்பனாக அல்ல. இத்தாலியின் லோடி நகரைச் சேர்ந்த அகோஸ்தினோ பாசி, பட்டுப்புழுக்களைச் சுண்ணாம்புபோல் வெளுத்து விறைக்க வைக்கும் நோய்க்கு ஒரு நுண்பூஞ்சைதான் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1835இல் நிறுவினார். ஒரு விலங்கின் நோய்க்கு நுண்ணுயிர் காரணம் என்று சோதனைகளால் காட்டப்பட்ட முதல் நிகழ்வாக இதை அறிவியல் வரலாறு கருதுகிறது. பாஸ்டர் பட்டுப்புழு நோய்களை ஆராயத் தொடங்கியது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான். பேசியானா என்ற பெயர் பாசியின் நினைவாக வந்தது.

தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, தேனி மாவட்டங்களின் பட்டு விவசாயிகளுக்கு இது இன்றும் குளிர், மழைக்காலத்து எதிரி. புழு வளர்ப்பு மனையில் ஈரம் தங்கினால் சுண்ணாம்புக்கட்டி நோய் கிளம்பிவிடும். எனவே மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு மனையும் அருகில் இருக்கும் இடங்களில் பிவேரியா தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். வாழைக்காரரைக் காக்கும் பூஞ்சை பட்டுக்காரரின் பிழைப்பைக் கெடுக்கும். தெளிப்பாக அன்றி, கவிழ்த்த தண்டுக்கடியில் தூளை வைப்பதன் அருமை இங்கேயும் தெரிகிறது.

பூஞ்சையைக் கொண்டு பூச்சியை அடக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிறந்தது. 1879இல் ஒதேசாவில் கோதுமை வண்டில் மெட்டாரைசியத்தைக் கண்ட உயிரியலாளர் மெச்னிகாஃப், அதைப் பயிர்க்காவலுக்குப் பயன்படுத்தலாம் என்றார். அந்த நம்பிக்கையை நிதானமாக எடைபோட்டவர்களில் ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். 1905இல் இலங்கைக்கு வந்து பேராதனையில் பணியாற்றிய பூஞ்சையியலாளர் தாமஸ் பெட்ச், தேயிலை, காப்பித் தோட்டங்களின் செதில்பூச்சிகளிலும் வெள்ளை ஈக்களிலும் வளரும் பூஞ்சைகளைப் பல ஆண்டுகள் சேகரித்து வகைப்படுத்தினார். மழையும் ஈரமும் கூடிவரும்போது இந்தப் பூஞ்சைகள் தாமாகவே கொள்ளைநோயாகப் பரவுகின்றன, ஏற்கெனவே அவை இருக்கும் இடத்தில் மனிதர் மேலும் தூவுவதால் பெரிய பலன் இல்லை என்பது அவர் பார்வை. அதை முற்றிலும் ஒப்புக்கொள்ள இன்று தேவையில்லை. சூழல் அமையாமல் வித்து மட்டும் போதாது என்ற அவருடைய எச்சரிக்கை இன்றும் செல்லும்.

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஈஸ்வரமூர்த்தியும், பின்னாளில் அதன் துணைவேந்தரான எஸ். ஜெயராஜும், காப்பியின் பச்சைச் செதில்பூச்சிமேல் வெண்வளையப் பூஞ்சையைத் தெளித்துப் பார்த்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. வயல்வெளியிலேயே பலன் கிடைக்கும் என்பதை அது காட்டியது. அன்று செபலோஸ்போரியம் லெக்கானி எனப்பட்ட அந்தப் பூஞ்சை, பின்னர் வெர்டிசீலியம் லெக்கானி என்ற பெயரில் தமிழ்நாட்டு வேளாண் கடைகளில் அறிமுகமானது. தென்னையில் காண்டாமிருக வண்டின் புழுக்களை எருக்குழியிலேயே அழிக்க மெட்டாரைசியம் ஊற்றுவது இன்று வழக்கமான பரிந்துரை. 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் தென்பட்டு வாழைக்கும் தாவிய சுருள் வெள்ளை ஈக்கு எதிராக, பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு ஐசேரியா என்ற பூஞ்சையின் ஒரு தேர்ந்த வகையை முன்வைத்தது.

திருச்சியின் வெயிலில்

பிவேரியா நன்றாக வளர்வது சுமார் 25 முதல் 28 டிகிரி செல்சியஸில். முப்பதுகளின் நடுவைத் தாண்டினால் வளர்ச்சி அநேகமாக நின்றுபோகும். சித்திரை, வைகாசியில் நாற்பதைத் தொடும் திருச்சியில் இது சிறிய தடை அல்ல. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் திறந்த இலைமேல் விழுந்த வித்தைச் சில மணி நேரங்களிலேயே கொன்றுவிடும். சூடான கடையிலும் வெயிலில் நிற்கும் வண்டியிலும் கிடந்த பொட்டலத்தில், மேலே அச்சிட்ட எண்ணிக்கைக்கும் உள்ளே பிழைத்திருக்கும் வித்துக்கும் சம்பந்தமே இராது.

ஆனால் ஆற்றுப் பாசன வாழைத் தோட்டம் திருச்சியின் தார்ச்சாலை அல்ல. அடர்ந்த இலைக்கூரைக்கு அடியில், பாய்ச்சல் நீர் தங்கிய பாத்தியில், கவிழ்த்த தண்டின் ஈரத்துக்குள் வேறு ஒரு பருவம் நிலவுகிறது. மாலையில் பொறி வைப்பது, காய்ந்த தண்டை உடனே மாற்றுவது, ஐப்பசி மழையை ஒட்டிய மாதங்களைத் தவறவிடாமல் பயன்படுத்துவது ஆகியவை பூஞ்சையின் பக்கம் நின்று யோசிப்பதிலிருந்து வருபவை.

இன்னொரு முரண்பாடு பலர் கவனத்துக்கு வருவதில்லை. வாழையின் சிகடோகா இலைப்புள்ளி நோய் பூஞ்சையால் வருவது. அதற்குத் தெளிக்கும் கார்பென்டசிம், புரோபிகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளுக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பாகுபாடு தெரியாது. இலைக்கு அடித்த மருந்து வழிந்து பொறியில் இறங்கினால் பிவேரியாவும் அழியும். ஒரே டப்பாவில் இரண்டையும் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே செலவு மட்டும்தான் மிச்சம்.

தோட்டச் சுத்தமும் இதோடு சேர்ந்ததே. காய்ந்த சருகையும் உரிந்த பட்டையையும் நீக்கிவிட்டால் வண்டுக்கு ஒளிவிடம் குறையும். அறுவடை முடிந்ததும் தண்டை நிற்கவிடாமல், கிழங்கோடு பெயர்த்துச் சிறு துண்டுகளாக்கி மட்கவைத்தால் அடுத்த தலைமுறை பெருகாது. தோட்டமெங்கும் அழுகும் தண்டுகள் கிடந்தால் வண்டு பொறியைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை.

தண்டுக்குள் குடியேறும் பூஞ்சை

மெட்டாரைசியம் மண்ணில் பூச்சியைக் கொன்று, அதன் உடலில் இருந்த நைட்ரஜனை வேர்வழியே செடிக்குக் கொடுக்கிறது என்பதைக் கனடாவின் பிராக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் நிறுவினார்கள். பதிலுக்குச் செடி பூஞ்சைக்குக் கரிமச் சத்தைத் தருகிறது. அதாவது, இந்தப் பூஞ்சைகளில் சில செடியின் உள்ளேயே குடியிருக்கக்கூடியவை. இந்த உறவில் பூச்சி, பூஞ்சை, செடி என மூவர் இருக்கிறார்கள்.

உகாண்டாவில் திசு வளர்ப்பு வாழைக்கன்றுகளின் வேரையும் கிழங்கையும் பிவேரியா வித்துக் கரைசலில் நனைத்து நட்டுப் பார்த்தார்கள். பூஞ்சை செடிக்குள் குடியேறியது. கிழங்கைக் குடையும் கூன்வண்டுப் புழுக்கள் குறைந்தன, சேதமும் குறைந்தது. 2008இல் வெளியான இந்த முடிவு காவிரிக் கரைக்கு நேரடிப் பொருள் உடையது. இங்கே திசு வளர்ப்புக் கன்றுகள் பரவலாக நடப்படுகின்றன. அவை நிழல்வலைக் கூடத்தில் பதப்படும் வாரங்கள், பூஞ்சையைக் குடியேற்ற ஏற்ற காலம். தெளிப்பு எட்டாத தண்டுக்குள்ளேயே காவல் அமையும். ஆனால் கிழங்கில் பலித்தது, காற்றறைகள் நிறைந்த தண்டில் ஐந்தாம் மாதம்வரை நிலைக்குமா என்பதைப் பூவனிலும் நேந்திரனிலும், திருச்சியின் கோடையிலும்தான் சோதித்தாக வேண்டும்.

அதற்கு முன்பாகவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிவேரியா உயிருள்ள சரக்கு. பாலைப் போலவே அதற்கும் கெடுநாள் உண்டு. திருச்சியில் வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, மத்திய ஒருங்கிணைந்த பயிர்ப்பாதுகாப்பு மையம் இருக்கிறது. நொய்யரிசியில் பூஞ்சை வளர்க்கும் சிறு கூடங்களை அந்தநல்லூர், லால்குடி, தொட்டியம் போன்ற வட்டாரங்களில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் ஒப்படைத்து, வித்தின் எண்ணிக்கையையும் முளைப்புத் திறனையும் மாதந்தோறும் பரிசோதித்துத் தரும் பொறுப்பை இந்த நிறுவனங்கள் ஏற்கலாம். கன்று நட்ட தேதியைக் கணக்கிட்டு, ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் புதுத் தூள் விவசாயியின் கைக்கு வந்துசேர்ந்தால், கவிழ்த்த தண்டுக்கடியில் வண்டு வரும் இரவில் வித்தும் உயிரோடு இருக்கும்.